வரிசையில் பிறந்த கம்பனி

பெரிய கம்பனிகள் எல்லாம் கராஜில் பிறந்தவை என்று அமெரிக்காக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். எங்கள் கம்பனிக்கும் கராஜில் பிறக்க ஆசைதான். ஆனால் கராஜின் சொந்தக்காரரே எங்களோடு பெற்றோல் செட் வரிசையில் நின்றதால், அது வெலிமடை வீதியோரத்தில், ஓர் உருளைக்கிழங்கு லொறியின் நிழலில் பிறந்தது.

2022 ஜூன் மாதம். வருடத் தொடக்கத்தில் லீற்றர் 177 ரூபாவுக்கு விற்ற 92 ஒக்டேன் பெற்றோல், மாதக் கடைசியில் 470 ரூபாவுக்கு வந்திருந்தது. விலையைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அந்த விலைக்கும் பெற்றோல் இல்லை என்பதால் கவலைப்பட வாய்ப்பே கிடைக்கவில்லை. 27ஆம் திகதி இரவு, அத்தியாவசிய சேவைகளைத் தவிர வேறு யாருக்கும் ஜூலை 10 வரை எரிபொருள் கிடையாது என்று அரசாங்கம் அறிவித்தது. அறிவிப்பைக் கேட்டதும் வரிசை கலைந்திருக்க வேண்டும். அது இன்னும் நீண்டது. தானும் ஓர் அத்தியாவசிய சேவைதான் என்று ஒவ்வொருவருக்கும் உள்ளூர ஒரு நம்பிக்கை. நான் ஆசிரியர். எனக்கு முன்னால் கிழங்கு லொறிக்காரர். அவருக்கு முன்னால் ஒரு கல்யாணப் புகைப்படக்காரர். மூவரில் யார் இல்லாவிட்டால் நாடு நின்றுபோகும் என்ற விவாதத்தில் புகைப்படக்காரரே வென்றார். "சேர் வராவிட்டால் பிள்ளைகள் அழப்போவதில்லை. கிழங்கு வராவிட்டால் மரவள்ளி இருக்கிறது. நான் போகாவிட்டால் கல்யாணம் நடந்தது என்பதற்கே அத்தாட்சி இல்லை" என்றார். மறுக்க முடியவில்லை.

ஒரே இடத்தில் நாட்கணக்காக நிற்கிற மனிதர்கள் ஒன்றில் சங்கம் தொடங்குவார்கள், இல்லாவிட்டால் கம்பனி தொடங்குவார்கள். மலையகத்தில் சங்கங்கள் தேவைக்கு மேல் இருப்பதால் நாங்கள் கம்பனி தொடங்கினோம். நோக்கம், பெற்றோல் வண்டிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்சார மோட்டார் பூட்டிக் கொடுப்பது. மூலதனம் நேரம் மட்டும். அது எங்களிடம் ஏராளமாக இருந்தது.

முதல் பங்காளி பாஸ். எங்கள் ஊரில் மேசனும் பாஸ்தான், தச்சரும் பாஸ்தான். இவர் வாகன பாஸ். முடியாது என்று அவர் எந்த வாடிக்கையாளருக்கும் சொன்னதில்லை. எப்போது முடியும் என்றும் சொன்னதில்லை. அவருடைய கராஜின் பின்பக்கத்தில், சொந்தக்காரர்கள் கனடா போயும் காலமாகியும் வருடங்களாகிவிட்ட வண்டிகளின் கதவுகள், கார்பரேட்டர்கள், ஸ்டியரிங்குகள் எல்லாம் வகைப்படுத்தப்பட்டு அடுக்கப்பட்டிருக்கும். எதையும் வீச மாட்டார். வீசு என்று சொன்ன உதவியாள் பையன்களை மட்டும் வீசியிருக்கிறார்.

இரண்டாவது பங்காளி நானா. லொறி பற்றரி, யூபிஎஸ் பற்றரி, இன்வேர்ட்டர் விற்கிற கடை. சாதாரண காலத்தில் அந்தக் கடைக்கு ஆட்கள் கடன் சொல்லத்தான் வருவார்கள். மார்ச் மாதக் கடைசியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்டபோது, நானாவைக் கண்டால் எழுந்து நிற்கிற பழக்கம் ஊரில் வந்தது.

மூன்றாவது பங்காளி, பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷனாக இருக்கும் தம்பி. கொழுந்து வாட்டுகிற விசிறி, ரோலர், சல்லடை என்று ஃபேக்டரிக்குள் சுற்றுகிற எல்லாவற்றுக்கும் அவன்தான் பொறுப்பு. எங்கள் நால்வரில் மின்சாரத்தைப் பற்றி உண்மையிலேயே தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அதனால் கூட்டங்களில் அவனைக் கடைசியாகத்தான் பேசவிட்டோம்.

நான்காவது நான். என் பங்கு ஒரு மொரிஸ் மைனர். ஊருக்குப் போன ஒரு வெள்ளைக்காரத் தொரையிடமிருந்து, பெரிய கிளாக்கராக இருந்த அப்பா வாங்கியது. 948 சி.சி. எஞ்சின், 37 குதிரைச் சக்தி. அந்தக் குதிரைகளில் சில இறந்துவிட்டன, சில ஓய்வூதியம் பெறுகின்றன. ஆனாலும் ஹப்புத்தளை ஏற்றத்தில் இன்னும் ஏறும். ஏறும்போது பின்னால் வருகிறவர்கள் என் குடும்பத்தைப் பற்றிப் பேசுவார்கள்.

முதல் கூட்டத்திலேயே கிழங்கு லொறிக்காரர் ஆட்சேபம் கிளப்பினார். அவர் பங்காளி இல்லை, நிழல் தந்தவர் என்ற உரிமையில் பேசினார். "பெற்றோல் இல்லேன்னு கரண்டுல ஓட்டப் போறீங்க. கரண்டு மட்டும் இருக்கா?" நியாயமான கேள்வி. பதில் நானாவிடமிருந்து வந்தது. "பெற்றோல் எப்ப வரும் எண்டு ஒத்தருக்கும் தெரியா. கரண்டு எத்தன மணிக்குப் போகும் எண்டு பேப்பர்லயே போடுறானே! வேற எனத்தியன் வேணும்?" அந்த வருடம் நாட்டில் நேரம் தவறாமல் நடந்த ஒரே அரச சேவை மின்வெட்டுத்தான் என்பதால் லொறிக்காரர் அடங்கிப்போனார்.

அதன் பிறகு தம்பி தன் ஃபோனை எடுத்து, உலகத்தில் இந்தத் தொழிலை ஏற்கெனவே செய்தவர்களைப் பற்றி வாசித்துச் சொல்லத் தொடங்கினான். வரிசையில் நிற்கிறவனுக்கு வரலாறு கேட்கப் பொறுமை உண்டு.

கலிபோர்னியாவில், சாந்தா குரூஸ் மலைப்பக்கத்து ஃபெல்டன் என்ற சிறிய ஊரிலிருந்து 'எலெக்ட்ரோ ஓட்டோமோட்டிவ்' என்று ஒரு கம்பனி 1979 முதல் இயங்கியது. மைக் பிரவுன் என்ற மெக்கானிக்கும் ஷாரி பிராஞ்ச் என்ற பெண்மணியும் நடத்தியது. ஃபோக்ஸ்வாகன் ரபிட் காரை மின்சாரத்துக்கு மாற்றத் தேவையான எல்லாச் சாமானையும் பெட்டியில் போட்டு 'வோல்ட்ஸ்ரபிட்' என்ற பெயரில் விற்றார்கள். எப்படி மாற்றுவது என்று இருவரும் சேர்ந்து புத்தகமும் எழுதினார்கள். பெரிய கார்க் கம்பனிகள் மின்சாரக் காரைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், வீட்டு முற்றத்தில் ஸ்பானரோடு நின்ற பலருக்கு அந்தப் புத்தகம்தான் வழிகாட்டி. பாஸ் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார். "அவர் திருத்துறது. அந்த நோனா எழுதுறது. சரி. சல்லிக் கணக்குப் பாக்குறது யாரு?" இந்தக் கேள்வி பிற்பாடு எங்கள் கம்பனியின் தலைவிதியையே தீர்மானித்தது.

அடுத்தது காத்மண்டு. 1993இல் அமெரிக்க உதவியோடு, கரும்புகை கக்கிக்கொண்டிருந்த டீசல் மூன்றுசக்கர டெம்போக்களின் எஞ்சினைக் கழற்றி மோட்டார் பூட்டிப் பார்த்தார்கள். ஓடியது. 'சஃபா டெம்போ' என்று பெயர் வைத்தார்கள். 1999இல் அரசாங்கம் அந்த டீசல் டெம்போக்களை நகரத்திலிருந்து வெளியேற்ற, சஃபாக்கள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஓட்டியவர்களில் பலர் பெண்கள். பற்றரி இறங்கியதும் நிலையத்தில் கொடுத்துவிட்டு, சார்ஜ் ஏறிய வேறொன்றை மாட்டிக்கொண்டு போவார்கள். இது நானாவுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு வண்டிக்கு இரண்டு செட் பற்றரி விற்கிற நாட்டை அவர் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

நம் பக்கத்துக் கதையும் ஒன்று இருந்தது. 1993 டில்லி வாகனக் கண்காட்சியில் 'லவ்பேர்ட்' என்ற இரண்டு இருக்கை மின்சாரக் காரைக் காட்டினார்கள். ஜப்பானின் யஸ்காவா கம்பனியின் ஒத்துழைப்போடு கேரளத்துச் சாலக்குடியிலும் கோயம்புத்தூரிலும் செய்தது. பிறந்த புதிதில் பாராட்டு மழை. பிறகு வாங்க ஆளில்லை. அந்தக் கார் 15 பாகைக்கு மேற்பட்ட சரிவில் ஏறாது என்று தம்பி வாசித்ததும் பாஸ் கண்ணை மூடிக் கணக்குப் போட்டார். பெரிய வீதிகள் எல்லாம் சரி, சமாளிக்கும். "எங்க லயத்துக்கு வாற ரோட்டு?" என்று தம்பி கேட்டான். லவ்பேர்ட் அங்கே அடிவாரத்தில் நின்று காதலிக்கலாம், மேலே போக முடியாது என்று சபை தீர்மானித்தது.

வேல்ஸ் நாட்டு மலைகளில் ரிச்சர்ட் மோர்கன் என்பவர் பழைய பியற், பீட்டில், லேண்ட் ரோவர்களை மின்சாரத்துக்கு மாற்றுகிறார். அதைத் தொலைக்காட்சித் தொடராகவே எடுத்திருக்கிறார்கள். லண்டனில் மத்தியூ குவிட்டர் என்பவர், மோதி நொறுங்கிய நிஸான் லீஃப் கார்களின் பற்றரியை எடுத்துப் பழைய கார்களுக்குப் பூட்டுகிறார். அவர் மாற்றிய வண்டிகளில் மொரிஸ் மைனரும் உண்டு. இதைக் கேட்டபோது என் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்தது. அதற்கு முன்பே, இங்கிலாந்தின் பாத் நகரத்து மைனர் வைத்தியர் சார்ள்ஸ் வேர், தன் வாடிக்கையாளர்களின் கார்களுக்கு வேண்டிய தகடுகளை இலங்கையில்தான் அடிப்பித்து எடுத்தார். காரை அவர்கள் நமக்கு விற்றார்கள், அதன் கதவை நாம் அவர்களுக்கு விற்றோம். 1948இலிருந்து 1971 வரை செய்து, பத்து லட்சத்தைத் தாண்டி விற்ற முதல் பிரித்தானியக் காருக்கு இந்தத் தீவு கடைசிவரை நன்றிக்கடன் செலுத்தியிருக்கிறது.

இவ்வளவையும் கேட்டு முடித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. இந்தத் தொழிலுக்கு மாற்றம், புரட்சி, எதிர்காலம் என்று எத்தனையோ பட்டங்கள் சூட்டுகிறார்கள். ஆனால் இதைச் செய்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அத்தனை பேரும் எதையும் மாற்ற விரும்பாதவர்கள். எதிர்காலத்தை விரும்புகிறவன் கடைக்குப் போய்ப் புதுக் கார் வாங்குவான். இவர்களுக்கோ அதே கதவு வேண்டும், அதே ஸ்டியரிங் வேண்டும், கதவை இழுத்து மூடும்போது வருகிற அதே சத்தம் வேண்டும். அதற்காக எஞ்சினைக் கழற்றி எறியவும் தயார். ஒன்றையும் விடக்கூடாது என்ற பிடிவாதத்தில் முக்கியமானதை விட்டுவிடுகிறவர்கள். 2018இல் இளவரசர் ஹரி தன் கல்யாண விருந்துக்கு மனைவியை ஏற்றிக்கொண்டு போனது, மின்சாரத்துக்கு மாற்றிய 1968ஆம் ஆண்டு ஜாகுவார் ஈ-டைப்பில். பழைய மோட்டார் வாகன ரசிகர்களின் உலகச் சம்மேளனமான ஃபிவா மறு வருடமே, இப்படி மாற்றியவை பழம்பெரும் வாகனங்கள் ஆகா, மாற்றித்தான் தீருவீர்கள் என்றால் கழற்றியதையெல்லாம் பத்திரமாக வையுங்கள், திரும்பப் பூட்டக்கூடியதாக இருக்கட்டும் என்று புத்தி சொன்னது. பாஸுக்கு ஃபிவாவைப் பிடித்துவிட்டது. கழற்றியதைப் பத்திரமாக வைப்பதைத்தான் அவர் வாழ்க்கை முழுக்கச் செய்துவந்திருக்கிறார்.

அப்படிப் பார்த்தால் இந்தத் தொழிலுக்கு எங்கள் நாட்டைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 தொடக்கத்தில்தான் மறுபடி திறந்தது. இருக்கிற வண்டியைக் காப்பாற்றுவது எங்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, குடும்பக் கடமை. பெற்றோல் த்ரீவீலர்களை மின்சாரத்துக்கு மாற்றும் ஒரு முன்னோடித் திட்டத்துக்கு யூ.என்.டி.பி.யே கைகொடுத்தது. ஐக்கிய நாடுகள் சபை வந்து சேர்ந்த இடத்துக்கு எங்கள் பாஸ் முன்கூட்டியே வந்திருந்தார், சபைக்குத் தெரியாமல்.

தொழில்நுட்பக் கூட்டங்கள் தொடங்கின. தம்பி ஒரு கணக்குச் சொன்னான். ஒரு டன் எடையுள்ள வண்டியை ஆயிரம் மீற்றர் உயரத்துக்குத் தூக்க, உராய்வையும் விரயத்தையும் கழித்துப் பார்த்தால், தேவைப்படுகிற சக்தி ஏறக்குறைய 2.7 யூனிட் மின்சாரம் மட்டுமே. யாரும் நம்பவில்லை. கெப்பெட்டிபொல, ஹக்கல, சீதா எலிய என்று ஏறி 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் மைனர் குடிக்கிற பெற்றோலையும் தண்ணீரையும் பார்த்தவர்கள் அவர்கள். "எஞ்சின் குடிக்கிறதுல பெரும்பாகம் சூடாத்தான் போகுதுங்க சேர், வண்டிய இழுக்குறது கொஞ்சந்தான்" என்றான் தம்பி. சூடாகப் போவது உண்மைதான். குளிர்காலத்தில் அந்தச் சூட்டில்தான் அப்பா கை காய்வார்.

அதோடு இறங்கும்போது மோட்டாரே டைனமோவாக மாறிப் பற்றரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும், பிரேக்கும் தேயாது என்று அவன் சொன்னதும் பாஸ் எழுந்து நின்றுவிட்டார். "ஏறினா செலவு. இறங்கினா வரவு. அப்ப ஏறாம இறங்கிக்கிட்டே இருந்தா?" சபை யோசித்தது. ஏ5 வீதியில் இறங்கிக்கொண்டே போனால் ஹாலி-எல, பதுளை, மகியங்கனைப் பக்கம் திரும்பாமல் நேரே செங்கலடி. அங்கே பற்றரி நிறைய மின்சாரத்தோடு மட்டக்களப்பு வெயிலில் நிற்கலாம். திரும்பி வர லொறி பிடிக்க வேண்டும். லொறிக்கு டீசல் இல்லை.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருந்தது. பற்றரி முழுதாக நிரம்பியிருந்தால் இறக்கத்தில் வருகிற மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடமிருக்காது. ஆகவே மலை உச்சியில் வீடு உள்ளவர் இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கினால் இயற்கை தருகிற இலவசம் அவருக்குக் கிடையாது. கொஞ்சம் பசியோடு புறப்பட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவதும் அப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். கம்பனிக் கூட்டத்தில் அரசியல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் எங்கள் ஊரிலேயே விடை இருக்கிறது. வெலிமடைக்குப் பக்கத்துப் புஹுல்பொலவில் அணை கட்டி, உமா ஓயாத் தண்ணீரைச் சுரங்கத்துக்குள் திருப்பி, வெல்லவாயப் பக்கம் கொண்டுபோய் நிலத்தடியில் 120 மெகாவாட் எடுக்கிற திட்டத்தை 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி வந்து திறந்துவைத்தார். அதாவது எங்கள் தண்ணீர் சுரங்கத்துக்குள் போகிறது, மின்சாரமாக வெளியே வருகிறது, மாதக் கடைசியில் பில்லாக வீட்டுக்கே திரும்பி வருகிறது. மலையகத்துக்கு இது பழக்கப்பட்ட பாதை. தேயிலையும் அப்படித்தான் போய், பெட்டிக்குள் அடைபட்டு, விலை கூடித் திரும்பி வருகிறது. ஒரு காலத்தில் தோட்டத்து ஃபேக்டரிகள் பல, ஓடைத் தண்ணீரில் சொந்தமாக டர்பைன் சுற்றி ஓடின. தம்பியின் தாத்தா அப்படியொரு டர்பைனுக்குக் காவல். மின்சாரத்தில் இயங்குவது அந்தக் குடும்பத்துக்கு எதிர்காலம் இல்லை, பூர்வீகம்.

அடுத்து, சாமான். மோட்டாருக்கு எங்கே போவது? அமெரிக்காவில் பழைய ஃபோர்க்லிஃப்ட் மோட்டாரைப் பூட்டுகிறார்கள். வெலிமடையில் மூட்டை தூக்குகிறவர்கள் மனிதர்கள். அவர்களிடமிருந்து மோட்டார் எடுக்க முடியாது. எனவே நிஸான் லீஃப். 2014, 2015 அளவில் மின்சாரக் காருக்கு வரி குறைவாக இருந்தபோது பாவித்த லீஃப்கள் ஜப்பானிலிருந்து கப்பல் கப்பலாக வந்து இறங்கின. பிறகு வரி ஏறியது, வருகை சுருங்கியது. வந்தவை கொழும்பு வெயிலில் நின்று நின்று பற்றரி வாடின. லீஃபின் பற்றரிக்குக் குளிரூட்டும் வசதி இல்லை, சூட்டில் சீக்கிரம் கிழடு தட்டும். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்துக்காரர்கள் 2012இலேயே இதைச் சொல்லிச் சண்டை பிடித்தார்கள். அந்தக் காரின் டாஷ்போர்டில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டப் பன்னிரண்டு கோடுகள் உண்டு. கோடு குறையக் குறைய விலை குறையும். நானா நாடு முழுவதும் தெரிந்த ஆட்களுக்கெல்லாம் ஃபோன் போட்டு, சலாம் சொன்ன கையோடு, "பார் எத்துன ஈக்குது?" என்றுதான் கேட்பார். ஒருவர் தப்பாக விளங்கிக்கொண்டு, பண்டாரவளையில் உள்ள பார்களின் எண்ணிக்கையைச் சொன்னார். நானா ஹாஜியார் என்பதால் அன்று முழுக்க மனவருத்தமாக இருந்தார்.

முதல் தலைமுறை லீஃபின் பற்றரி 24 யூனிட் கொள்ளும். எடை முந்நூறு கிலோவுக்குக் கிட்ட. என் மைனரின் மொத்த எடையே ஏறக்குறைய 750 கிலோ. மோட்டாரோ 80 கிலோவாட். மைனரின் எஞ்சினைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. முழு வேகத்தில் அழுத்தினால் முன்சக்கரங்கள் வெலிமடையிலும் பின்சக்கரங்கள் ஊவா பரணகமவிலும் இருக்கும் என்று பாஸ் கணித்தார். அதைவிடப் பெரிய சிக்கல், மோட்டாரையும் பழைய கியர்பொக்ஸையும் இணைக்கிற தட்டு. அந்தத் தட்டு கல்யாணத் தரகரைப்போல, ஒன்றையொன்று முன்பின் அறியாத இரண்டு குடும்பங்களை முகம் கோணாமல் சேர்த்துவைக்க வேண்டும். இரண்டு தண்டும் நேர்கோட்டிலிருந்து மயிரிழை விலகினாலும் கொஞ்ச நாளில் அதிர்ந்து, பெயரிங் அரைபட்டு, விவாகரத்து. பாஸ் இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. தன் லேத் மெஷின் இருக்கிற திசையை நினைவில் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். எப்போது முடியும் என்று அவர் சொல்லாத வேலைகளில் இதுதான் முதன்முதலாக முடியுமா என்றும் யோசித்த வேலை.

பிறகு தாளும் புத்தகமும். இந்தியாவில் இப்படி மாற்றுகிற கிட்டுகளுக்கு ஏஐஎஸ்-123 என்று ஒரு தரநிர்ணயமே வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத்து ஈ-ட்ரியோ கம்பனி மாருதி கார்களுக்கு அந்த வழியில் அனுமதி எடுத்தது. பத்து வருடம் கடந்த டீசல் வண்டியை ஓட்டக்கூடாது என்றிருந்த டில்லியில், மின்சாரத்துக்கு மாற்றினால் ஓட்டலாம் என்று 2021இல் வழிவிட்டார்கள். எங்கள் மைனரின் புத்தகத்திலோ எஞ்சின் இலக்கம் என்று ஒரு கட்டம் இருக்கிறது, எஞ்சின் இருக்கப்போவதில்லை. வருடாந்த வரிப் பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். மின்சார வாகனத்துக்கு அது தேவையில்லை. ஆனால் புத்தகத்தில் மாறும்வரை மைனர் பெற்றோல் வாகனம்தான், புகைக் குழாய் இல்லாத பெற்றோல் வாகனம். பரிசோதிக்கிற பையன் கருவியை எங்கே செருகுவான்? பாஸ் இதற்கு உடனே வழி கண்டார். "குழாயக் கழட்ட வேணாம் சேர். சும்மா இருக்கட்டும். இலங்கையிலயே நல்ல மார்க்ஸ் நமக்குத்தான் நே."

இந்தக் கட்டத்தில்தான் அக்கா வந்தார். பாஸின் மனைவி. வரிசைக்குச் சாப்பாடு கொண்டுவந்தவர், நாங்கள் சிகரெட் பெட்டி அட்டையில் வரைந்திருந்த திட்டத்தைப் பார்த்தார். அதுவரை நாங்கள் கேட்காத ஒன்றைக் கேட்டார். "யாரு வாங்குவாங்க?" சபையில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அக்கா விளக்கினார். சல்லி உள்ளவன் மாற்ற மாட்டான், பொறுத்திருந்து புதுசு வாங்குவான். மாற்ற ஆசைப்படுகிறவன் சேர் மாதிரி வாத்தியார், சல்லி இருக்காது. பிறகு பற்றரி, மோட்டார், கொன்ட்ரோலர், தட்டு, கம்பி, கூலி என்று கணக்கை ஒரு கொப்பியில் எழுதிக் கூட்டினார். வந்த தொகையில் இன்னொரு மைனர் வாங்கலாம். மிச்சத்தில் அதற்கு வருடக்கணக்கில் பெற்றோலும் அடிக்கலாம், 470 ரூபா விலையிலேயே. ஃபெல்டன் ஊரில் கணக்குப் பார்த்தது யார் என்று பாஸ் கேட்டது எவ்வளவு ஆழமான கேள்வி என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜூலை நடுவில் கியூஆர் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், த்ரீவீலுக்கு 5, காருக்கு 20. வரிசை சுருங்கியது. வரிசை சுருங்கச் சுருங்கக் கம்பனியும் சுருங்கியது. இருபது லீற்றரைக் கையில் பிடித்த மனிதனுக்குப் புவிவெப்பமும் மறந்துபோகும், புரட்சியும் மறந்துபோகும். மைனருக்கு அந்த அளவே அதிகம். வாரம் முழுக்க ஓடினாலும் வழியில் நிற்கிற நேரம்தான் கூட என்பதால் மிச்சம் இருக்கும்.

கம்பனி செத்துப்போயிருக்கும். காப்பாற்றியது மண்ணெண்ணெய். ஆகஸ்ட்டில் அதன் விலையை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே தாவலில் ஏற்றினார்கள். லயத்து அடுப்பும் விளக்கும் அதில் எரிந்தன. வெலிமடைக் கிழங்குத் தோட்டங்களுக்கு ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்கிற பம்புகளில் பலவும் அதில்தான் ஓடின. முந்தின வருடம் இரசாயன உரத்தைத் தடைசெய்து விவசாயியின் முதுகில் ஏறியவர்கள் இப்போது கழுத்தில் ஏறினார்கள். ஒரு விவசாயி ஓடாத பம்பைத் தோளில் சுமந்துகொண்டு பாஸிடம் வந்தபோது பாஸ் வழமைபோல எஞ்சினைத் திருத்தக் கழற்றினார். கொப்பியோடு பக்கத்தில் நின்ற அக்கா கேட்டார், "இத கரண்டுக்கு மாத்த ஏலாதா?"

ஏலும். பற்றரி வேண்டாம், காணிக்குப் பக்கத்திலேயே லைன் போகிறது. நம்பர் பிளேட் இல்லை, புத்தகம் இல்லை, புகைச் சான்றிதழ் இல்லை. மோட்டாரையும் பம்பையும் ஒரு பெல்ட் இணைத்துவிடும், மயிரிழைத் தகராறு இல்லை. ஏற்றத்தைத் தண்ணீர்தான் ஏறும், வண்டி இல்லை. ஃபேக்டரி வேலை முடிந்து வருகிற தம்பி மாலையில் மோட்டார்களுக்குச் சுருள் கட்டிக் கொடுத்தான். நானா ஸ்விட்சும் வயரும் தந்தார், முதல் தடவையாகக் கடனுக்கு இல்லாமல். ஒன்று ஓடியதைப் பார்த்து அடுத்த காணிக்காரர் வந்தார். அவரைப் பார்த்து அக்கரைக்காரர் வந்தார். உலகத்தின் போக்கையே மாற்றப் புறப்பட்ட கம்பனி, இப்படியாக, பம்புகளை மாற்றிச் சோறு கண்டது.

எனக்கு இதில் ஏமாற்றம் இல்லை. பார்க்கப்போனால் தத்துவம் அதேதான். அந்த விவசாயிகளும் எதையும் மாற்ற விரும்பாதவர்கள். அப்பன் நட்ட கிழங்கை அதே பாத்தியில் அதே தண்ணீரில் நடவேண்டும் என்பதற்காகத்தான் எஞ்சினை மாற்றினார்கள். பெயர் மட்டும் அவர்களுக்குப் புரட்சியாளர் என்று யாரும் வைக்கவில்லை, தொலைக்காட்சியும் வரவில்லை. கழற்றிய எஞ்சின்கள் அத்தனையும் பாஸின் கராஜுக்குப் பின்னால் ஃபிவா சொன்னபடி பத்திரமாக இருக்கின்றன. மண்ணெண்ணெய் விலை இறங்கினால் திரும்பப் பூட்டலாம் என்கிறார். இறங்கினாலும் பூட்ட விடமாட்டேன் என்கிறார் அக்கா.

மைனர் இன்னும் பெற்றோலில்தான் ஓடுகிறது. ஆனாலும் அக்காவின் கொப்பியில் முதலாவது ஓடர் அதுதான், பெயர் வெட்டுப்படவில்லை. போன கிழமை அந்தப் பக்கம் போனபோது மெல்லக் கேட்டுப் பார்த்தேன். பாஸ் கையில் ஸ்பானரோடு ஆசையாகத்தான் எழுந்து வந்தார். அக்கா கொப்பியை மூடாமலே சொன்னார்.

"அட்வான்ஸ் வச்சா நாளைக்கே கழட்டித் தருவாரு சேர். அதுக்கு நான் பொறுப்பு. பூட்டுறதுக்குத்தான் யாரும் பொறுப்பில்ல."